மிளகும் மிளகாயும்

சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் நண்பர் ஒருவர் கட்டிய புது வீட்டின் குடிபுகும் விழாவிற்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்ததும் அவ்வீட்டு மூதாட்டியார் ஏழு வற்றல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் சிறிது கடுகும் கையில் எடுத்து, மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து, மும்முறை சுற்றி நெருப்பில் போட்டார். கண்ணேறு பட்டிருந்தால் மிளகாயின் நெடி வராது என்பது நம்மவர் நம்பிக்கை. அன்று எழுந்த நெடியிலோ விருந்தினர் அனைவரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினர். நாமும் ஓடினோம். வீட்டிற்குக் கண்ணேறு ஒன்றும் இல்லையென்று மூதாட்டியார் பெரிதும் மகிழ்ந்தார்.

"இஃது எந்தக் காலத்து வழக்கம், அம்மா?" என்று வினவினோம்.

"ஆதிகாலத்து வழக்கம், தம்பி. நம்ம முப்பாட்டனுக்கும் முன்னாலே இருந்து வருகிறது" என்றார்.

அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார். அவர் மட்டுமா? மிளகாயில்லாத தமிழர் அடுக்களை ஒன்று எக்காலத்திலேனும் இருந்ததென்று கூறினால், படித்த நம் நண்பர்களே நகைப்பர். ஆயினும் வரலாறு கூறுவது வேறு. முப்பாட்டனுக்கு முப்பாட்டன், அவனுக்கும் முப்பாட்டன் என்று ஐந்நூறு ஆண்டு பின்னோக்கிச் சென்றால், அங்கே தமிழ்நாட்டில் ஒரு மிளகாயும் கிடையாது. சேரனும் சோழனும் பாண்டியனும் மிளகாயைக் கண்ணாற் கண்டதில்லை. வள்ளுவர் மிளகாய் தின்றதில்லை. தஞ்சைப் பெருங்கோவிலைக் கட்டிய இராசராசன் ஒரு நாளும் மிளகாய்க் குழம்பு உண்டதில்லை.

இதற்குச் சான்று யாதெனில், முதற்கண் அதன் பெயரே. மிளகு என்பது பழம்பெயர். அதனைப் போல உறைக்கும் காய் ஒன்று புதிதாக வந்தபோது, அதற்கென ஒரு பெயர் இல்லாமையால், மிளகு போன்ற காய் எனும் பொருள்பட மிளகாய் என்றனர். இவ்வாறு செய்தவர் தமிழர் மட்டுமல்லர். சிங்களத்தில் மிரிஸ் என்பது முன்பு மிளகின் பெயர். மிளகாய் வந்து அப்பெயரைத் தனதாக்கிக்கொள்ளவே, பழைய மிளகு கம்மிரிஸ், அதாவது ஊர் மிரிஸ், என்று அடைமொழி பெற்று ஒதுங்கிற்று. சயாமியர் மொழியில் பிரிக் என்ற பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டது. மிளகுக்குத் தாய்நாட்டுப் பிரிக் என்று பெயராயிற்று. நம்மைச் சூழ்ந்து வாழும் மலாய் மக்கள் மிளகாயைச் சாபாய் என்கின்றனர். அஃது உண்மையில் திப்பிலி இனத்தைச் சார்ந்த கொடி ஒன்றின் பழம்பெயர். சிலி என்று அவர்கள் வழங்கும் மற்றொரு பெயரோ மெக்சிகோ நாட்டுப் பழங்குடிகளின் சொல். வந்தவன் இருந்தவனுடைய பெயரை எடுத்துக்கொண்ட கதை இது. ஈழத்துத் தமிழர் மட்டும் அதைக் கொச்சிக்காய் என்று அழைத்து, வந்த வழியைப் பெயரிலேயே எழுதி வைத்தனர். கொச்சித் துறைமுகம் பறங்கியரின் கோட்டை இருந்த இடமன்றோ?

அப்படியாயின் மிளகாய்க்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு என்ன செய்தனர் என்று கேட்கலாம். மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு ஆகியவையே அவர்களுக்குக் காரம். அறுசுவையுள் ஒன்றாகக் கார்ப்பை எண்ணியபோது அவர்கள் நாக்கில் இருந்தது மிளகே. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்றனர். அப்பெயரால் ஒரு நீதிநூலும் எழுந்தது. சங்க நூல்களில் கறி என்ற சொல்லுக்கு மிளகு என்றே பொருள். இன்று உலகெங்கும் குழம்பைக் குறிக்கும் சொல் அதுவே. மலாய் மக்கள் காரி என்பதும் ஆங்கிலேயர் கரி என்பதும் நம்முடைய கறியே. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து படைத்த உணவு ஒன்று பேசப்படுகிறது. இன்று அதைச் செய்து பார்ப்பவர் யாரேனும் இருந்தால் நமக்கும் சொல்லியனுப்புவாராக. ஆங்கிலேயர் சென்னையில் கற்றுக்கொண்ட ரசத்துக்கு முல்லிகட்டாணி என்று பெயர் வைத்தனர். அது நம் மிளகுத்தண்ணீர். 1747-ஆம் ஆண்டில் இலண்டனில் அன்னா கிளாஸ் என்ற அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைப்படி கறி சமைக்கும் வகை சொல்லப்பட்டிருக்கிறது. அதிலே மிளகும் கொத்தமல்லியும் உண்டு, மிளகாய் இல்லை. அதற்கும் முன்னர், 1590-ஐ ஒட்டி, அக்பர் பாதுஷாவின் அரண்மனைச் சமையலை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் எழுதிவைத்தபோது, அங்கேயும் மிளகு இருக்கிறது, மிளகாய் இல்லை.

மிளகு சாமானியப் பொருளன்று. அஃது அரசர்களின் சரக்கு. கி.மு. 1213-இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துளைகளில் மிளகு வைக்கப்பட்டிருந்தது. யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சுங்கம் காக்கும் பெருவழியில் சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ரோமாபுரியில் பிளினி என்பார் கி.பி. 77-ஐ ஒட்டி எழுதிய நூலில், வெறும் உறைப்புக்காக ஒரு பொருளைப் பொன்னும் வெள்ளியும் போல நிறுத்து வாங்குகின்றார்களே என்று நொந்துகொண்டார். அங்கே ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியம், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலையும் குறித்துவைத்தார். 408-ஆம் ஆண்டில் அலாரிக் என்ற படைத்தலைவன் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது, அவன் கேட்ட மீட்புப் பொருளில் 3,000 ராத்தல் மிளகும் அடங்கும்.

இந்த மிளகு மலையாளக் கரையிலே காடாய் விளைந்தது. பறித்துச் சுமந்த ஏழைக்கோ அது எட்டாத பொருள். மற்ற நிலத்தில் எளிதில் வளராது. மழையும் நிழலும் படர்வதற்கு மரமும் வேண்டும். சோழநாட்டு உழவன் ஒருவன் தன் குடிசைப் புறத்தில் மிளகு விதைத்து உண்டான் என்று எங்கேனும் கேட்டதுண்டா? வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்குவதற்குக் காசு வேண்டும். ஆகவே ஏழையின் கூழில் உப்பு இருந்தது, புளி இருந்தது. மிளகு நோய்க்கும் விருந்துக்கும் மட்டுமே எட்டிற்று என்று கொள்வதில் தவறில்லை.

இந்த மிளகைத் தேடித்தான் கொலம்பசு 1492-இல் மேற்கே கப்பலோட்டினார். மிளகு கிடைக்கவில்லை. தாம் இறங்கிய தீவுகளில் அகி என்றொரு சிவந்த காயை அந்நாட்டார் உண்பதைக் கண்டு, 1493 சனவரியில் தம் நாட்குறிப்பில் அதனை அவர்களுடைய மிளகு என்றும், மிளகினும் மேலானது என்றும் குறித்தார். தாம் இறங்கிய இடத்தை இந்தியா என்று பிழையாக எண்ணிய அவர், அங்குள்ள காயை மிளகு என்றதில் வியப்பில்லை. ஐந்தாண்டு கழித்து 1498-இல் வாஸ்கோ ட காமா உண்மையான மிளகின் நாட்டிற்கே, கள்ளிக்கோட்டைக்கு, வந்து சேர்ந்தார். 1503-இல் கொச்சியில் கோட்டை, 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா. மிளகை ஏற்றிச் செல்லவந்த பறங்கியரின் கப்பல்களிலேயே மிளகாயும் நம் கரைக்கு வந்து இறங்கிற்று. மிளகுக்கு எதிரி ஒருவனைத் தாமே கொண்டுவருகிறோம் என்று அவர்கள் நினைத்தும் பார்த்திரார்.

மிளகாய்க்கு மரம் வேண்டாம், மலை வேண்டாம். ஒரு பழத்தில் பத்து வீட்டுக்கு விதை. நட்ட சில திங்களில் காய்க்கும். காய்ந்தால் ஆண்டு முழுதும் இருக்கும். மானாவாரி நிலத்திலும் விளையும். இராமநாதபுரத்துச் சீமை வானம் பார்த்த பூமி. அங்கே உருண்டு திரண்ட முண்டு மிளகாய் இன்றும் விளைகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கி, அம்மண்ணுக்கே உரிய பொருளென்று இந்திய அரசு பதிவு செய்தது. அமெரிக்கக் காய் இராமநாதபுரத்தின் சொந்தக் காயென்று முத்திரை பெற்றுவிட்டது! அதிலே தவறொன்றும் இல்லை. முந்நூறு நானூறு ஆண்டு ஓர் ஊரில் வெயில் காய்ந்தவனை அவ்வூரானல்லன் என்று எப்படிச் சொல்வது?

பறவைகளுக்கு மிளகாய் உறைப்பதில்லை என்பது ஒரு வியப்பு. அவை பழத்தை விழுங்கி விதையை ஊர்தோறும் எச்சமிட்டுச் செல்கின்றன. வேலியோரத்து ஊசிமிளகாய்ச் செடியை யார் நட்டார் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது, மைனாவைத்தான் கேட்கவேண்டும். மனிதருக்கும் மற்ற பாலூட்டிகளுக்குமே அந்த எரிச்சல். அஃது ஏன் என்பதை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1997-இல் கண்டார். சூட்டை உணர்ந்து சொல்லும் நரம்பின் வாயிலை மிளகாயின் காரச்சத்து திறந்துவிடுகிறதாம்; நெருப்புப் பட்டதென்றே மூளை நினைக்கிறது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. வாய் எரிகிறது என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது வெறும் உவமையன்று, உடலுக்குள் நிகழும் உண்மையே.

இனி நம் கரைக்கு வருவோம். பினாங்குத் தீவை 1786-இல் பிரான்சிஸ் லைட் கைக்கொண்ட பின்னர், அங்கே முதலில் கருதப்பட்ட பயிர்களில் ஒன்று மிளகு. அச்சே நாட்டிலிருந்து கொடிகள் தருவிக்கப்பட்டன. மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகள் வந்தன. நறுமணப் பொருளால் பினாங்கு செழிக்கும் என்று கும்பினியார் கனவு கண்டனர். ஐரோப்பியப் போர்களால் மிளகின் விலை வீழ்ந்தது. 1860-ஐ ஒட்டிச் சாதிக்காய் மரங்களை நோய் அழித்தது. 1800-இல் கெடாவிடமிருந்து பெற்ற எதிர்க்கரையிலே, புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று பெயரிட்ட நிலத்திலே, கரும்பு எழுந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர் கப்பலேறினர். 1843 முதல் 1855 வரை கவர்னராக இருந்த பட்டர்வொர்த்தின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கிறது. கரும்பு வெட்டியவர்களின் பெயரைத் தாங்கிய தெரு ஒன்றும் நம் கண்ணிற் படவில்லை.

மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்திருப்பர்? ஒரு மாற்றுத்துணி, ஒரு செம்பு, புளி, வற்றல் மிளகாய். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்து, கங்காணிகள் ஆள்கட்டி வந்த காலத்தும் மூட்டை பெரிதும் மாறவில்லை. இங்கே வந்தபின் அவர்கள் கண்ட செடி பழைய செடியே. மலாக்கா வழியே மலாய் மக்களிடம் முன்னமே பரவிய மிளகாய், கம்பத்து வீட்டு வாசலில் காய்த்துக் கிடந்தது. இருவேறு கடல்வழியாகப் பிரிந்து சென்ற ஒரு தாய் மக்கள் பிறையிலும் நிபோங் திபாலிலும் சந்தித்ததைப் போல் இஃது அமைந்தது. நம் பெண்டிர் சம்பாலும் பெலாச்சானும் கற்றனர். மலாய்ப் பெண்டிர் நம்மிடமிருந்து காரியைக் கற்றனர். நம் கொத்தம்பரி அவர்கள் நாவில் கெத்தும்பார் என்று நிலைத்துவிட்டது. கரைக்கு அப்பால் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற நாசி கண்டார், இன்று பினாங்கின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது.

இதிலே ஒரு விந்தையைக் கூறாமல் இருக்கமுடியவில்லை. ரப்பர் மரம் எந்நாட்டது? பிரேசில் நாட்டது. 1876-இல் விக்கம் என்பார் அங்கிருந்து விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றிலிருந்து கிளைத்ததே மலாயாவின் ரப்பர்க் காடு. மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்தது. ஆக, தமிழன் ஒருவன் மலாய் மண்ணில் நின்று அமெரிக்க மரத்தைச் சீவி, அமெரிக்கக் காயைக் கடித்துப் பழைய சோறு உண்டான். அந்தச் சோற்றுப்பொட்டலத்தைப் பார்த்து, இவனுடைய பழக்கம் மாறவே மாறாது என்று துரைமார் சொல்லிக்கொண்டனர். மாறாத பழக்கமாவது! அவன் தட்டில் இருந்ததிற் பாதி, அவன் பாட்டன்மார் காணாதது.

தோட்டத்துக் குழம்பின் காரத்தை நகரத்தார் சிலர் எள்ளி நகையாடக் கேட்டிருக்கிறோம். நாகரிகமுள்ளவர் இவ்வளவு காரம் உண்ணார் என்பது அவர்கள் வாதம். காரம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் ஆராய்ந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும். அதற்கும் முன் எழுந்து லயத்து வாசலில் அம்மியில் மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்துவிட்டுத்தான் பெண்கள் பால் வெட்டப் புறப்பட்டனர். மிளகாய் அரைத்த கையோடு கைக்குழந்தையைத் தூக்க அஞ்சி, எண்ணெய் தடவிக் கழுவிக்கொண்டு ஓடினர். காய்கறி குறைவு, கருவாடு சிறிது, கூலியோ கடைக்காரனின் பற்றுக் கணக்கிற்கே போதாது. ஒரு சட்டி சோற்றை உட்செலுத்தக் கைப்பிடி மிளகாய் போதும். அதைவிட மலிவாய் வேறு எதுவும் இல்லை. வறுமைக்கு வாய்த்த கறி மிளகாய். அதை ஏளனம் செய்வோர் அந்தக் கூலியைக் கொடுத்தவனை ஏளனம் செய்யட்டும்.

அந்த ஏழைச் சமையல் அறிவற்றதும் அன்று. பச்சை மிளகாயில் உள்ள சி வைட்டமின், எடைக்கு எடை பார்த்தால், தோடம்பழத்தினும் மிகுதி. அங்கேரி நாட்டு அறிஞர் செந்த்-கியோர்கி அந்தச் சத்தைப் பெருமளவிற் பிரித்தெடுத்தது தம் ஊர் மிளகாயிலிருந்துதான். 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோற்றின் செய்தியும் அத்தகையதே. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். அதன் காரணத்தைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1909-இல் ஆய்ந்து வெளிப்படுத்தினர். நம் பாட்டிமார் ஆராய்ச்சி நிலையம் சென்றவர்களல்லர், பானையைப் பார்த்தவர்கள்.

சப்பானியர் ஆண்ட 1941 இறுதி முதல் 1945 வரையிலான காலத்தில் இந்தியக் கப்பல்கள் நின்றன. அரிசி அருகிற்று. மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் வைத்திருந்தனர். அதுவும் பிரேசில் நாட்டுக் கிழங்கே. அவித்த மரவள்ளிக்குத் தொட்டுக்கொள்ள லயத்துப் பின்புறத்துச் செடியில் நான்கு காய் இருந்தால் அஃதே அன்றைய விருந்து.

மீண்டும் கண்ணேற்றுக்கு வருவோம். வைதிகர் வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகாய் சேர்க்கமாட்டார்கள், மிளகுதான். பிதிர்களின் நாக்குக்கு மிளகாய் பழக்கமில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது போலும்! பழைய பெருங்கோவில்கள் சிலவற்றின் மடைப்பள்ளியிலும் மிளகே ஆட்சி செய்கிறது. அழகர் கோவில் தோசையில் மிளகைத்தான் காணலாம். மிளகாய் பிற்காலத்தது என்று மடைப்பள்ளி அறியும், திவசம் அறியும். வாசலில் சுற்றிப்போடும் சடங்கு மட்டும் அதை மறந்துவிட்டு, ஆதிகாலம் என்று கூறுகிறது. ஐந்நூறு ஆண்டுக்கு உட்பட்ட காய் ஒன்று ஆதிகாலத்துச் சடங்குக்குள் புகுந்து, தான் இல்லாமல் அச்சடங்கே இல்லையென்னும் நிலைக்கு வந்ததென்றால், ஆதிகாலம் என்று நாம் சொல்லும் மற்றவற்றையும் சிறிது தூக்கிப் பார்ப்பது நலமன்றோ? சுற்றிப்போடுவதால் கண்ணேறு கழிகிறதா என்பதைப் பற்றி நாம் ஈண்டு வாதிடவில்லை. இருமல் வந்தது என்பதற்கு நாமே சாட்சி.

இன்று பிறையிலும் மாக் மண்டினிலும் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. லயங்கள் பல மறைந்தன. தோட்டத்து மக்களின் பிள்ளைகள் அடுக்குமாடியில் குடியிருக்கின்றனர். அம்மி, வாசலில் செருப்பு வைக்கும் கல்லாய்விட்டது. மிளகாயை மில்லில் கொடுத்து அரைத்து வாங்குகின்றனர். அதுவும் இயலாதார் பொட்டலத்தூள் வாங்குகின்றனர். மளிகைக் கடையில் இந்திய வற்றலும் சீன வற்றலும் அருகருகே சாக்கில் இருக்கின்றன. கடைக்காரர் ஒன்றின் காரத்தையும் மற்றொன்றின் நிறத்தையும் புகழ்கிறார். மலாய் அம்மையார் ஒருவர் அதே சாக்கில் கைவிட்டு, ஒரு வற்றலை ஒடித்து முகர்ந்து பார்த்து, அரைக் கிலோ நிறுக்கச் சொன்னதையும் கண்டோம்.

விழா வீட்டு மூதாட்டியாரிடம் விடைபெறும்போது, இந்தக் கதை முழுவதையும் சுருக்கிச் சொன்னோம். மிளகாய் வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது, அதற்கு முன் மிளகுதான் என்றோம். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்போ அந்தக் காலத்திலே ஏழு மிளகையா தம்பி சுற்றிப் போட்டிருப்பார்கள்?" என்று கேட்டார். போட்டிருந்தாலும் போட்டிருப்பர், இனி நீங்களும் மிளகையே போட்டுப் பாருங்கள் என்றோம்.

"மிளகா! அது விற்கிற விலைக்கு யார் நெருப்பிலே போடுவது?" என்று சொல்லிவிட்டு, எஞ்சிய வற்றலைப் பத்திரமாக டப்பாவில் போட்டு மூடினார்.